ஆயிலா, கேஸா?

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் உதிரிபாகக் கடைக்குப் போய் ஷாக் அப்சார்பர் கேட்டால், என்ன வண்டி, எந்த வருஷம் என்பதற்கு அடுத்து வரும் கேள்வி, "ஆயிலா சார், கேஸா?" கேஸ் விலை கூட. விலை கூட என்றால் சரக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று மனசு சொல்லும். கூட வந்த மெக்கானிக், "கேஸ் போட்டா கொஞ்சம் ஹார்டாத்தான் இருக்கும், ஆனா வண்டி நின்னு பேசும்ணே" என்பார். பிரேக் ஷூ வாங்க வந்து பக்கத்தில் நிற்பவர், யாரும் கேட்காமலே, "இந்த ஊர் ரோட்டுக்கு சாஃப்ட்தான் சார் லாயக்கு" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போவார்.

ஹார்டா சாஃப்டா என்பதும் ஆயிலா கேஸா என்பதும் ஒரே கேள்வி என்பதுபோல் கடையில் பேசிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. அதைவிட முக்கியம், இரண்டுமே முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் அல்ல. வண்டிக்கு அடியில் சக்கரத்துக்குச் சக்கரம் ஒன்றாக நிற்கும் அந்தக் குழாய் என்னதான் செய்கிறது என்று பார்த்துவிட்டு வருவோம்.

அடியை வாங்குவது யார்?

குலுக்கலை ஷாக் அப்சார்பர் வாங்கிக்கொள்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். சக்கரம் மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கிக் கொடுப்பதால்தான் நம் இருக்கை அத்தனை உயரம் எழும்பாமல் தப்பிக்கிறது. ஆனால் ஸ்பிரிங் வாங்கியதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். அமுங்கியது விரியும், தேவைக்கு மேல் நீளும், மறுபடி அமுங்கும். ஸ்பிரிங் மட்டும் உள்ள கார் ஒரு ஹம்பைத் தாண்டினால் (ஸ்பீடு பிரேக்கருக்கு இந்த ஊரில் அதுதான் பெயர்) அடுத்த ஹம்ப் வரும்வரை ஆடிக்கொண்டே போகும்.

அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. பொறியாளர்கள் இதை டேம்பர் என்பார்கள். நாம் தணிப்பான் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங்கில் சேர்ந்த ஆற்றலைத் தனக்குள் இருக்கும் எண்ணெயில் வெப்பமாக மாற்றிக் காற்றில் விட்டுவிடும். மோசமான ரோட்டில் நெடுநேரம் ஓட்டிவிட்டு நிறுத்தித் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும்.

லாரியிலும் பழைய அம்பாசடரின் பின்பக்கத்திலும் பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் இருக்கும். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஓரளவு தணிப்பு. அதனால் அங்கே ஷாக் அப்சார்பர் செத்துப்போனாலும் டிரைவருக்குச் சட்டென்று தெரியாது. இன்றைய கார்களில் இருக்கும் சுருள் ஸ்பிரிங்கில் அந்த உரசல் கிடையாது. தணிப்பான் போனால் வண்டி அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

அறுத்துப் பார்த்தால்

பழைய ஷாக் அப்சார்பரை நெடுக்காக அறுத்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. வெளிக்குழாய், அதற்குள் ஓர் உள்குழாய், அதில் ஏறி இறங்கும் பளபளப்பான தண்டு. தண்டின் நுனியில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பிஸ்டன். பிஸ்டனில் சில துளைகள், துளைகளை மூடியபடி எஃகுத் தகடுகள். ஒவ்வொன்றும் 0.1, 0.2 மில்லிமீட்டர்தான் தடிமன். விரலால் வளைத்தால் வளையும். உள்குழாய் முழுக்க எண்ணெய்.

சக்கரம் ஏறி இறங்கும்போது பிஸ்டன் எண்ணெய்க்குள் நகர வேண்டும். எண்ணெய்க்குப் போக வழி அந்தத் துளைகள் மட்டும். ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீரை இழுத்து மெதுவாக அமுக்கிப் பாருங்கள், சுலபமாக வெளியேறும். வேகமாக அமுக்கினால் கட்டைவிரல் வலிக்கும். தணிப்பானும் அப்படித்தான். எவ்வளவு தூரம் அமுக்குகிறோம் என்பது அதற்குத் தெரியாது. எவ்வளவு வேகமாக அமுக்குகிறோம் என்பது மட்டும்தான் தெரியும். ஸ்பிரிங் தூரத்துக்குக் கட்டுப்பட்டது, தணிப்பான் வேகத்துக்குக் கட்டுப்பட்டது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கடைப்பேச்சில் பாதி கழன்று விழும்.

ஒரே உயரம், இரண்டு ஹம்புகள்

ஹம்ப் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டில் கணக்கு இருக்கிறது. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 99 என்ற வழிகாட்டி, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டுவதற்கான ஹம்ப் 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும் என்றது. ஓர் ஆள் கையை நீட்டிப் படுத்தாலும் மிச்சம் இருக்கும் அகலம். நம் தெருக்களில் இப்படி ஒன்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். குடியிருப்புச் சங்கத்தார் ராத்திரியோடு ராத்திரியாகத் தார் கொட்டி எழுப்பிய மேட்டைத்தான் நாம் தினமும் தாண்டுகிறோம். அது 60 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். உயரம் அதே 10.

இரண்டையும் 25 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டுவோம். அதாவது நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். முதல் ஹம்பில் சக்கரம் 1.85 மீட்டர் உருண்டு உச்சிக்குப் போகிறது. கால் நொடிக்குச் சற்று மேல் ஆகிறது. அப்படியானால் சக்கரம் மேலே எழும்பும் வேகம் சராசரியாக நொடிக்கு 38 சென்டிமீட்டர். இரண்டாவது ஹம்பில் 30 சென்டிமீட்டர் உருண்டதும் உச்சி வந்துவிடுகிறது. எழும்பும் வேகம் நொடிக்கு 2.3 மீட்டர், ஆறு மடங்கு. டயர் கொஞ்சம் நசுங்கிக்கொடுத்து இதைக் குறைக்கும் என்றாலும் கதை மாறாது. வண்டியும் வேகமும் ஹம்பின் உயரமும் மாறவில்லை. தணிப்பானுக்கு மட்டும் இவை இரண்டும் வேறு வேறு உலகம்.

பிஸ்டனில் வெறும் துளை மட்டும் இருந்தால் என்ன ஆகும்? சின்னத் துளையில் எண்ணெயை ஆறு மடங்கு வேகமாகத் தள்ள, ஆறு மடங்கு பலம் போதாது. சுமார் 36 மடங்கு வேண்டும். முதல் ஹம்புக்குச் சரியாக இருக்கும் துளை, இரண்டாவது ஹம்பில் கல்லாக இறுகி அடியை நேரே முதுகெலும்புக்கு அனுப்பிவிடும். இரண்டாவதுக்குச் சரியாகப் பெரிய துளையாகப் போட்டால், பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் குனியும், வளைவில் வண்டி சாயும்.

அந்த மெல்லிய தகடுகள் இருப்பது இதற்காகத்தான். மெதுவான அசைவில் அவை மூடியே இருந்து எண்ணெயை அடக்கும். திடீர் அடி வந்தால் வளைந்து வழி விடும். எத்தனை தகடு, எந்தத் தடிமனில், எந்த வரிசையில் அடுக்குவது என்பதில்தான் ஒரு வண்டியின் சுகமும் பிடிமானமும் இருக்கின்றன. அதற்காகவே கார் நிறுவனங்கள் சோதனை ஓட்டத்தில் திரும்பத் திரும்ப ஷாக்கைக் கழற்றி, தகடு மாற்றி, மறுபடி ஓட்டுகின்றன.

ஆகவே "ஹார்டா, சாஃப்டா?" என்று கேட்டால், எந்த வேகத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். நல்ல தணிப்பான் மெதுவான அசைவில் ஹார்ட், வேகமான அடியில் சாஃப்ட். மட்டமான நகலில் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கும். கடையில் கையால் அமுக்கிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் யாராலும் கையால் அமுக்க முடியாது.

வார நாளில் இருவர், சனிக்கிழமை ஐவர்

இனி ஒரு காரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சின்ன ஹேட்ச்பேக். திங்கள் முதல் வெள்ளி வரை கணவனும் மனைவியும் எலக்ட்ரானிக் சிட்டி போய்வருகிறார்கள். சனிக்கிழமை பின் சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் மூட்டைகளுமாக ஓசூர் தாண்டி தர்மபுரிக்குப் பயணம். வார நாளில் பின் சக்கரம் ஒன்றின் ஸ்பிரிங் 180 கிலோ தாங்குகிறது என்று கொள்வோம். சனிக்கிழமை ஒவ்வொரு பக்கமும் 110 கிலோ கூடி 290 ஆகிறது. ஸ்பிரிங்கை ஒரு சென்டிமீட்டர் அமுக்க 18 கிலோவுக்குச் சற்று மேல் எடை வேண்டும் என்றும் கொள்வோம்.

முதலில் நடப்பது, வண்டியின் பின்பக்கம் 6 சென்டிமீட்டர் இறங்கிவிடுகிறது. மேடு வந்தால் ஸ்பிரிங் அமுங்குவதற்கு மிச்சமிருக்கும் இடத்தில் 6 சென்டிமீட்டர் போயிற்று. இப்போது அந்தத் தார் மேட்டில் ஏறினால், ஓட்டத்தின் கடைசியில் இருக்கும் ரப்பர் கட்டையில் போய் 'டொம்' என்று முட்டும். ஷாக் போயிடுச்சு என்று பலர் கொண்டுவரும் வண்டியில் நடப்பது இதுதான். அங்கே தணிப்பான் நன்றாகத்தான் இருக்கிறது. இடம் தீர்ந்துவிட்டது, அவ்வளவே.

அடுத்தது ஆட்டம். ஹம்பைத் தாண்டியதும் பின்பக்கம் 6 சென்டிமீட்டர் எழும்பி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வார நாளில், புதுத் தணிப்பானோடு, ஒரு முழு ஆட்டம் முடியும்போது மிச்சம் 1 சென்டிமீட்டருக்கும் குறைவு. உள்ளே இருப்பவர்களுக்கு அது தெரியாது. சனிக்கிழமைச் சுமையோடு அதே தணிப்பான் 1.3 சென்டிமீட்டர் மிச்சம் வைக்கிறது, லேசாகத் தெரியும். இப்போது தணிப்பான் பழசாகிப் பாதி பலம் போய்விட்டது என்று கொள்ளுங்கள். சனிக்கிழமை முதல் ஆட்டம் முடிந்ததும் 2.8, அடுத்தது 1.3, மூன்றாவதுக்குப் பிறகும் அரை சென்டிமீட்டருக்கு மேல். ஓர் ஆட்டத்துக்கு 0.8 நொடி. 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் மூன்று ஆட்டத்துக்குள் வண்டி 20 மீட்டர் கடந்துவிடும். அந்த 20 மீட்டரில் அடுத்த பள்ளம் வந்தால் (வரும்) இரண்டு ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். பின் சீட்டுக் குழந்தைக்கு வாந்தி வருவது இங்கேதான்.

ஆட்டமே இல்லாமல், ஒரே மூச்சில் வண்டி தன் நிலைக்குத் திரும்பும்படி தணிப்பை வைக்க முடியாதா? முடியும். அதற்கு இந்தக் காரில் இருப்பதைப்போல மூன்று மடங்குக்கு மேல் தணிப்பு வேண்டும். அப்படி வைத்தால் ரோட்டில் ஒட்டிய சின்ன ஜல்லியைக்கூட இடுப்பு எண்ணும். அதனால்தான் கார் செய்பவர்கள் முழுத் தணிப்பில் நாலில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பங்கு, ஸ்பிரிங்கையும் வண்டி எடையையும் வைத்துப் போட்ட கணக்கு. இவற்றில் எதை மாற்றினாலும் மற்றது பொருந்தாமல் போகும்.

கேப்ரியலின் வார்

ஜே.சி. ரோட்டில் அடிக்கடி காதில் விழும் பெயர்களில் ஒன்று கேப்ரியல். 1961-இல் தொடங்கிய கேப்ரியல் இந்தியா நிறுவனத்துக்கு, கர்நாடக எல்லை தாண்டியதும் வரும் ஓசூரில் ஓர் ஆலை உண்டு. ஆனால் பெயர் அதற்கும் பழையது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கிளாட் ஃபாஸ்டர் என்பவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்களுக்கு ஊதுகுழல் ஹாரன் செய்து விற்றார். எக்காளம் ஊதும் தேவதூதர் காபிரியேலின் பெயரை அதற்கு வைத்தார். பிறகு அவர் செய்த இன்னொரு சாதனம் ஸ்னப்பர்: வண்டிச் சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவே கட்டிய ஒரு வார். ஸ்பிரிங் அமுங்கும்போது வார் தளர்ந்துகொள்ளும், எந்தத் தடையும் செய்யாது. விரியும்போது மட்டும் இறுகிப் பிடிக்கும்.

எண்ணெயோ பிஸ்டனோ இல்லாத அந்த வாரின் புத்தி இன்றைய தணிப்பான்களிலும் இருக்கிறது. மேடு சக்கரத்தை மேலே தள்ளும்போது தணிப்பான் முரண்டு பிடித்தால், அந்தத் தள்ளு நேராக நமக்குத்தான் வரும். அதனால் அமுங்கும் பக்கம் இளக்கமாக விடுகிறார்கள். ஸ்பிரிங் விரியும் பக்கத்தில் இரண்டு, மூன்று மடங்கு தடை வைக்கிறார்கள். அதையும் அளவோடுதான் வைக்க வேண்டும். ரொம்ப இறுக்கினால், ரோட்டுக்குக் குறுக்கே வரிசையாக மேடிட்ட பட்டைக் கோடுகளில் சக்கரம் கீழே இறங்குவதற்குள் அடுத்த கோடு வந்துவிடும். வண்டி படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போய் இடமில்லாமல் முட்டும்.

கேஸ் எங்கே இருக்கிறது?

இப்போது கடைக்காரரின் கேள்விக்கு வரலாம். 'கேஸ் ஷாக்' என்பதிலும் வேலை செய்வது எண்ணெய்தான். 'ஆயில் ஷாக்' என்பதிலும் வாயு இருக்கிறது: வெளிக்குழாயின் மேல்பகுதியில் சாதாரணக் காற்று. தண்டு உள்ளே இறங்கும்போது இடம் விலகும் எண்ணெய்க்கு ஒதுங்க அந்தக் காற்றிடம் தேவை. கேஸ் ஷாக்கில் அந்த இடத்தில் அழுத்தி அடைத்த நைட்ரஜன் இருக்கும். வித்தியாசம் இவ்வளவுதான்.

இந்த வித்தியாசத்துக்கு வேலை எப்போது வரும்? பிஸ்டன் இடைவிடாமல் வேகமாக ஓடினால் அதன் முதுகுப்பக்கம் அழுத்தம் குறைந்து எண்ணெயில் குமிழி கிளம்பும். காற்றும் கலந்து நுரைக்கும். நுரையைத் தள்ளுவதற்குப் பலம் தேவையில்லை. தணிப்பு காணாமல் போகும். நைட்ரஜனின் அழுத்தம் குமிழியை எழவிடாமல் அமுக்கி வைக்கிறது. பிரான்ஸின் கிறிஸ்டியான் பூர்சியே த கார்போன் 1950-களில் இதை ஒற்றைக் குழாய் வடிவத்தில் செய்துகாட்டினார். எண்ணெயும் வாயுவும் கலக்காமல் நடுவே ஒரு மிதக்கும் பிஸ்டன். கார் டயரில் இருப்பதைப்போல பத்து மடங்கு அழுத்தம்.

பெங்களூருவின் கே-1000 ராலியில் மண் தடத்தில் கிலோமீட்டர் கணக்கில் விரட்டுபவருக்கு அது உயிர். சில்க் போர்டு சந்திப்பில் ஊர்ந்து போகிறவரின் எண்ணெய் நுரைக்க வாய்ப்பே இல்லை. இரண்டு ஹம்புக்கு நடுவே அது ஓய்வெடுத்து, ஆறி, சிக்னலில் நின்றும் விடுகிறது.

கடையில் ஒரு வித்தை நடக்கும். கேஸ் ஷாக்கின் தண்டை அமுக்கிவிட்டால் தானாக வெளியே வரும். ஆயில் ஷாக்கின் தண்டு அப்படியே நிற்கும். "பாத்தீங்களா பவரு!" என்பார்கள். அது வாயு அழுத்தம் தண்டை வெளியே தள்ளுவது. அதற்கும் தணிப்புக்கும் சம்பந்தமில்லை. கார் வரும்போதே கேஸ் ஷாக்கோடு வந்திருந்தால் கேஸே போடுங்கள். ஆயிலோடு வந்த நகரத்துக் காருக்குக் கேஸுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

"கொஞ்சம் டைட் பண்ணுங்க"

பைக்கின் பின் ஷாக்கில் படிப்படியாக வெட்டிய வளையம் ஒன்று இருக்கும். மெக்கானிக் ஸ்பேனர் போட்டு அதைத் திருப்பி "டைட்" பண்ணிவிடுவார். ஸ்பிரிங் அதனால் கடினமாவதில்லை, தணிப்பும் கூடுவதில்லை. ஸ்பிரிங்கின் அடித்தட்டு மேலே ஏறுகிறது, அதனால் சீட்டின் உயரம் கூடுகிறது. பின்னால் ஆள் ஏறியதும் தாழ்ந்த வண்டியைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்து, அமுங்க இடம் கொடுப்பதற்காக வைத்த ஏற்பாடு அது. தனியாகப் போகிறவர் கடைசிப் படியில் வைத்துக்கொண்டு முதுகுவலிக்கிறது என்று சொல்வதில் பொருளில்லை.

இதைவிடக் கெடுதல், கார் ஸ்பிரிங்கின் சுருளுக்குள் செருகச் சொல்லி விற்கும் ரப்பர் பஃபர்கள். வண்டி உயரும், ஹம்பில் அடி தட்டாது, உண்மைதான். ஆனால் செருகிய சுருள் வேலை செய்யாது. வேலை செய்யும் சுருள்கள் குறைவதால் ஸ்பிரிங் கடினமாகிறது. தணிப்பானோ பழைய ஸ்பிரிங்குக்குக் கணக்குப் போட்டது. கடினமான ஸ்பிரிங்கை அடக்க அதற்குப் பலம் பத்தாது. பிறகு வண்டி குதிக்கிறது என்று வந்து, ஷாக் அப்சார்பரைக் குறை சொல்வார்கள்.

மாற்றும் நேரம் வந்தால்

ஷாக்கின் மேல்பகுதியில் எண்ணெய் கசிந்து தூசியோடு பிசினாக ஒட்டியிருந்தால் அது முடிந்தது. பம்பரை ஒருமுறை அழுத்தி விட்டால் வண்டி எழும்பி உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டு மூன்று தடவை ஆடினால் அதுவும் முடிந்தது. இரண்டுக்கும் முன்பே டயர் சொல்லிவிடும். டயர் மேல் உள்ளங்கையை வட்டமாக ஓட்டினால் மேடும் பள்ளமுமாக அலை தட்டுப்படும். தணிப்பு குறைந்ததால் சக்கரம் நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை துள்ளித் துள்ளி ரோட்டைத் தொட்ட தடயம் அது. துள்ளும் சக்கரத்துக்கு பிரேக்கும் சரியாகப் பிடிக்காது, மழையில் இன்னும் மோசம். ஆனால் ஹம்பில் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் ஷாக்கை மாற்றச் சொல்லாதீர்கள். லிங்க் ராடையோ புஷ்ஷையோ முதலில் பார்க்கச் சொல்லுங்கள். செலவில் பெரிய வித்தியாசம்.

மாற்றினால் முன்னிரண்டு அல்லது பின்னிரண்டு ஜோடியாக மாற்ற வேண்டும். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கலாம். முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஸ்ட்ரட் என்றால், மாற்றிய கையோடு வீல் அலைன்மென்ட் பார்த்துவிட வேண்டும்.

கடையில் மாடல் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே பெயரில் பெட்ரோலும் டீசலும் இருக்கும். டீசல் இன்ஜின் கனம் அதிகம் என்பதால் முன்பக்க ஸ்பிரிங்கும் தணிப்பானும் பல மாடல்களில் வேறாக இருக்கும். பேட்டரியில் ஓடும் வகைக்கு எடை இன்னும் கூடும். பெட்டிகள் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும், வெளியே எடுத்தால் குழாயின் நீளமும் போல்ட் துளையும்கூட ஒத்துப்போகலாம். மாட்டினால் மாட்டிக்கொள்ளும், உள்ளே தகடுகளின் அடுக்கு மட்டும் வேறு. கழற்றிய பழைய ஷாக்கில் அச்சிட்ட பாக எண்ணைத் துடைத்து, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் காட்டுங்கள்.